அளந்து கொடுத்த தண்ணீரும் அளக்காத தெம்பிலியும்

என் வாப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தது. நோன்பு பிடிக்கக் கூடாது, தண்ணீரையும் குறைக்க வேண்டும் என்று மாத்தளையில் கிளினிக்குக்குப் போனபோது சொன்னார்கள். அன்றிலிருந்து நான் போத்தலில் அளந்துதான் தண்ணீர் கொடுத்தேன்.

நோன்பு இல்லாவிட்டாலும், மாலையில் நாங்கள் நோன்பு திறக்கும்போது வாப்பாவும் பாயில் வந்து உட்காருவார். எல்லோர் முன்னாலும் பேரீச்சம்பழமும் தெம்பிலி இளநீரும் இருக்கும். அவருக்கு மட்டும் எப்படி இல்லையென்பது? தண்ணீரில் ஒரு கோப்பையைக் குறைத்துவிட்டு, அதற்குப் பதில் தெம்பிலியை ஊற்றிக் கொடுத்தேன். உடம்புக்குக் குளிர்ச்சிதானே என்று நினைத்தேன்.

பத்து நோன்பு போனபின், “காலு ரெண்டும் சோந்து போகுது மகள்” என்றார். பலவீனம் என்று எண்ணி அன்று இரண்டு கோப்பை கொடுத்தேன். குடித்தவர் சற்று நேரத்தில் அப்படியே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் வாப்பா எங்களுக்குக் கிடைக்கவில்லை.

என்ன குடித்தார் என்று கேட்ட டாக்டர், பிறகு மெதுவாக விளக்கினார். தெம்பிலியிலும் பேரீச்சம்பழத்திலும் பொட்டாசியம் அதிகமாம். நல்ல சிறுநீரகம் மிஞ்சிய பொட்டாசியத்தையும் அமிலத்தையும் சிறுநீரில் வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் அது முடியாது. இரண்டும் இரத்தத்தில் தேங்கும். பொட்டாசியம் எல்லை மீறினால் இதயமே நின்றுவிடும்.

இப்போது நோயாளியைப் பார்க்கப் போனால், சிறுநீரகம் எப்படி என்று விசாரிக்காமல் நான் தெம்பிலி வாங்குவதில்லை.

வாப்பா ஒருநாளும் தெம்பிலி கேட்கவில்லை. “எனக்கு நோன்பில்லயே மகள், புள்ளைகளுக்குக் குடுங்க” என்றுதான் சொல்வார். நான்தான் ஊற்றினேன்.