மெஷினில் கவிச்சி போகுமா?

பாத்திரம் கழுவும் மெஷினை விற்கிறவளுக்கு எதிரி பக்கத்துக் கடைக்காரன் அல்ல, வாங்க வருகிறவர் வீட்டு சிங்க்கோரம் கிடக்கிற ஸ்பாஞ்சுதான். ஷட்டர் ஏறியதிலிருந்து இறங்கும்வரை நின்றபடியே சிரிக்கிற என் சக சேல்ஸ் ஜீவன்களே, நீங்கள் விற்பது மெத்தையோ மிக்ஸியோ, கீழே வருகிறதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும். நடக்கவில்லை என்றால் நீங்கள் முதலாளி.

மூலைக்கு வந்த கெடு

சிங்கப்பூருக்கு இக்கரையில், பெர்மாஸ் ஜெயாவில் மின்சாரச் சாமான் கடை எங்களுடையது. எங்களுடையது என்பது பழக்க தோஷம். கடை எங்கள் முதலாளி தவுக்கேயுடையது, கால்வலி மட்டும்தான் என்னுடையது. தவுக்கே ஒரு தோட்டத்து மளிகைக் கடையில் பிறந்து வளர்ந்த சீனர். தமிழ் தண்ணீர் மாதிரி வரும், ஆனால் சின்னவர் பெரியவர் எல்லோரும் அவருக்கு 'நீ'தான். அந்த வருஷம் என்ன நினைத்தாரோ, நான்கு டிஷ்வாஷர்களை இறக்கி, கடையின் கடைசி மூலையில் வரிசையாக நிறுத்தி, என்னை அதற்குக் காவல் போட்டுவிட்டார்.

மாதங்கள் போயின. ஒரு மெஷின்கூட நகரவில்லை. வருகிறவர்கள் கதவைத் திறந்து பார்ப்பார்கள், "அலமாக், உள்ள இவ்ளோ எடமா?" என்பார்கள், ஒரு கெட்டிலை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு நாள் தவுக்கே என்னைக் கூப்பிட்டார். குளுவாங் கிளையில் ஆள் போதவில்லையாம். குளுவாங் போவதென்றால் நான் அதற்குப் பக்கத்து ஊரான லாயாங் லாயாங்கில் அம்மா வீட்டில் தங்கித்தான் வேலைக்குப் போக வேண்டும். கணவருக்கு வேலை சிங்கப்பூரில், மகளுக்குப் பள்ளிக்கூடம் இங்கே. பிள்ளை முகத்தை வாரத்துக்கு ஒரு நாள் பார்க்கிற பிழைப்பாகிவிடும். அவரிடமே கொட்டிவிட்டேன். தவுக்கே அதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "நானும் மனுசன்தான், கலை. தீபாவளி வரைக்கும் பாப்போம். நாலும் போச்சுன்னா நீ இங்கயே இரு. போகலேன்னா மூலைக்கு ஏர் ஃப்ரையர் வரும், நீ குளுவாங் போ."

அடிப்பிடித்த சட்டி

முதலில் நம்பிக்கை கொடுத்தவர் முருகேசன் அண்ணன். சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளில் எதையோ சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். பிரித்தால், பருப்பு அடிப்பிடித்துக் கருகிப்போன எவர்சில்வர் சட்டி. "இத வெளுக்க வச்சுக் காட்டுங்க தங்கச்சி, இன்னைக்கே வாங்கிக்கறேன்" என்றார். வாயால் விற்றுப் பழகியவளுக்கு இது புதுச் சோதனை. எங்கள் டெக்னீஷியன் ஹலிமைக் கெஞ்சி, பின்பக்கத்துக் குழாயிலிருந்து தண்ணீர் இழுத்து, காட்சிக்கு வைத்திருந்த மெஷினை ஓட்டினோம். அண்ணன் முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்காருகிறவர்கள்கூட அவ்வளவு கவலைப்பட மாட்டார்கள்.

கதவைத் திறந்தோம். சட்டி பளபளவென்று இருந்தது. ஹலிம் கைதட்டினார். நான் ரசீதுப் புத்தகத்தைத் தேடி ஓடினேன். திரும்பி வந்தால் அண்ணன் சட்டியைப் பழையபடி செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருக்கிறார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்களே, அந்த ரகம். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ரகசியமாகச் சொன்னார்: "ஞாயித்துக்கெழமையில நான்தான் பாத்திரம் கழுவுறேன்னு மாமியார் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுறாங்க, தங்கச்சி. இது வந்துட்டா அப்பறம் எனக்கு அந்த வீட்ல என்ன மரியாதை இருக்கு?"

கழுவிவிட்டுக் கழுவுகிறவர்

முதல் மெஷின் ஒருவழியாகப் போனது. வாங்கியவர் புனிதா டீச்சர், கணவரும் அவருமாக இரண்டு பேர்தான் வீட்டில். அன்றைக்கு எனக்குத் தரையில் கால் படவில்லை. ஒரு வாரம்தான். கணவர் போன் செய்தார். மெஷின் வந்தபிறகு வேலை இரட்டிப்பாகிவிட்டதாம், திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். ஹலிமையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். டீச்சர் சிங்க்கில் நின்று ஒவ்வொரு தட்டையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, அலசி, துணியால் துடைத்து, அதற்குப் பிறகு மெஷினுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எச்சலை மட்டும் தட்டிட்டு அப்படியே வைங்க டீச்சர்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் நான்காம் வகுப்புக்குப் போய்விட்டேன். கோழிப் பிரட்டல் ஒட்டிய தட்டை அப்படியே வைக்க அவருக்குக் கை வரவே இல்லை. கடைசியில் கணவர் வாங்கி வைத்தார், டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மெஷின் ஓடி முடிக்கும்வரை தேத்தண்ணி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தட்டை வெளியே எடுத்தபோது டீச்சரே விரலால் தேய்த்துப் பார்த்தார், 'க்ரீச்' என்றது. மெஷின் அங்கேயே தங்கியது. வாசல்வரை வந்து வழியனுப்பும்போது டீச்சர் சொன்னார்: "நல்லாத்தான் கழுவுது லா. ஆனா கலை, வேலைக்காரம்மா வர்றதுக்கு முன்னாடி வீட்டக் கூட்டி வைக்கிற குடும்பம் நாங்க, பழகறதுக்குக் கொஞ்சம் நாளாகும்."

அளவுக்கு மிஞ்சிய நம்பிக்கை

பழகிவிட்டார். அளவுக்கு மேலேயே பழகிவிட்டார். அடுத்து வந்த போனில் அழுகிற குரல். பூஜை அறைக் குத்துவிளக்கை மெஷினுக்குள் படுக்கவைத்து ஓட்டியிருக்கிறார், பித்தளை மங்கிக் கறுத்து வெளியே வந்திருக்கிறது. பித்தளையை வைக்காதீர்கள் என்று நான் சொல்லித்தான் இருந்தேன், ஆனால் விளக்கை அவர் பாத்திரக் கணக்கில் சேர்க்கவில்லை. புளியும் உப்பும் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு பேருமாகத் தரையில் உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்து விளக்கைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்தோம். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்துவிட்டார்: "பரவால்ல கலை, இந்த வீட்ல இன்னும் என் கைதான் வேணும்னு ஒரு சாமானாவது இருக்கே!"

புரட்டாசி வந்தது

மூன்று மெஷின் பாக்கி, தீபாவளிக்கு முன்னால் நிற்கிறது புரட்டாசி. எங்கள் வீடுகளில் மாதம் முழுக்கச் சைவம், சிலர் பாத்திரத்தையே மாற்றிவிடுவார்கள். மீன் சட்டி மேல் தட்டுக்குப் போகும், சைவச் சட்டி கீழே இறங்கும். அந்த நேரம் பார்த்துக் கடைக்குள் வந்தார் பரமேஸ்வரி அக்கா. எங்கள் வட்டாரக் கோயிலில் வெள்ளிக்கிழமை பிரசாதச் சமையல் அவர் கையில்தான். அவர் சரி என்றால் பத்து வீடு சரி என்னும். கூடவே மருமகள் ஷாலினி, சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடிவதற்குமுன் பஸ் பிடித்துப் பாலம் கடக்கிற பெண். மெஷினைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

அக்கா கதவைத் திறந்து உள்ளே எட்டிப்பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். வெந்நீர் எழுபது டிகிரி, கிருமி ஒன்றும் மிஞ்சாது, அந்தச் சூட்டிலேயே உலர்த்தும் என்று மனப்பாடம் செய்ததையெல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கதவை மெல்லச் சாத்திவிட்டு, எனக்குப் பதிலே தெரியாத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனார்: "புரட்டாசி முடிஞ்சிட்டா சனிக்கெழம நெத்திலிச் சட்டி போன பொட்டிக்குள்ள வெள்ளிக்கெழம சாம்பார்ச் சட்டி போவணும். அழுக்கு போயிடும் தங்கச்சி, கவிச்சி போவுமா?"

அக்காவின் தீர்ப்பு

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனி கொடுத்த கையேட்டைப் புரட்டினேன். கவிச்சி என்கிற வார்த்தைக்கு அதில் இடமே இல்லை. குளுவாங் போனால் மகளுக்குத் தலை பின்ன யார் இருக்கிறார்கள் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அக்கா தனியாக வந்தார். நேரே மூலைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். முந்தின நாள் வேலை முடிந்து வந்த ஷாலினி சிங்க்கில் குழாயைத் திறந்துவிட்டு நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டாளாம், கையில் சட்டி, தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறதாம். "பெத்த பிள்ளைன்னா பாத்துக்கிட்டு இருப்பேனா?" என்றார். கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். பிறகு கேட்டார்: "இது உள்ள ஒண்ணும் வைக்காம வெறுமனே ஓடுமா?" ஓடும் அக்கா, மெஷினைச் சுத்தம் செய்ய நாங்களே அப்படி ஓட்டச் சொல்வோம் என்றேன். வெந்நீரிலா? வெந்நீரில்தான். அக்கா எழுந்தார், சேலையை உதறிச் செருகிக்கொண்டார், தீர்ப்புச் சொன்னார்: "நண்டு தின்ன நாம மறுநாள் தலைக்குக் குளிச்சிட்டுக் கோயிலுக்குப் போறோமா இல்லயா? வியாழக்கெழம சாயங்காலம் இதையும் தலைக்குக் குளிக்க வச்சிடு, அவ்ளோதான். எழுது பில்ல."

கடைசி மெஷின்

மூன்றாவது மெஷின் அந்த வெள்ளிக்கிழமையே போனது. கோயிலிலிருந்து அக்காவின் தோழி நேராக வந்து, "தலைக்குக் குளிக்கிற மெஷின் எது?" என்று கேட்டு வாங்கினார். மிச்சம் ஒன்றே ஒன்று, முருகேசன் அண்ணனின் சட்டி குளித்த காட்சி மெஷின். தீபாவளி நேரத்தில் புதுத்துணி எடுக்கிற கையோடு யார் பிரித்த சாமானை வாங்குவார்கள்? வந்தவர்கள் பார்த்தார்கள், புது மெஷின் வரட்டும் என்றார்கள், போனார்கள். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை ஏர் ஃப்ரையர் பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன. தவுக்கே மூலைக்கு வந்தார். நான் மெஷினைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவர் கோபமாக இல்லை, ஏதோ குழப்பத்தில் இருந்தார். "மூணு போச்சே, என்ன சொல்லி வித்த?" என்று கேட்டார். அக்காவின் தீர்ப்பை அப்படியே சொன்னேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி சீன மாதக் கணக்கில் ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் சைவம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான்கு மெஷினை இறக்கியதே ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோகிற ஆசையில்தானாம். பன்றிக்கறிச் சட்டி போகிற பெட்டிக்குள் என் சைவக் கிண்ணம் போகாது என்று அந்த அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்களாம். தவுக்கே போனை எடுத்து வீட்டோடு சீனத்தில் நெடுநேரம் பேசினார். தலைமேல் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி ஒரு கையால் காட்டிக் காட்டிப் பேசினார். போனை வைத்தபோது முகமெல்லாம் சிரிப்பு. எழுந்து, காட்சி மெஷினின் முதுகில் தட்டிச் சொன்னார்: "ஹலிம கூப்பிடு, இத என் வீட்டுல மாட்டட்டும். ஏர் ஃப்ரையர் வாசப் பக்கம் போவட்டும். நீ இங்கயே இரு, கலை, அடுத்த வாரம் எட்டு மெஷின் வருது."

டிஷ்வாஷர் வாங்க வருகிற யாரும் இதுவரை என்னிடம் பாத்திரத்தைப் பற்றிக் கேட்டதில்லை, வீட்டில் யாருக்கு என்ன மரியாதை, எந்தச் சாமிக்கு என்ன பதில் என்பதைத்தான் கேட்கிறார்கள், அதற்கெல்லாம் வாரண்டி கொடுக்கிற கம்பெனி இன்னும் பிறக்கவில்லை என்பதால்தான் எனக்கு இந்த வேலை இருக்கிறது.