ஷட்டருக்குப் பின்னாலிருந்து ஒரு படம்

ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில், ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் படம் போடப்போகிறோம் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அப்போது எங்களிடம் திரையும் இல்லை, படம் போடுகிற மெஷினும் இல்லை. ஆனாலும் எனக்குத் துளி பயம் கிடையாது. வீட்டில் அத்தை இருந்தாள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அந்த வருஷப் பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம், பீரோ, கட்டில், தையல் மெஷின் என்று கல்யாணத்தில் கொடுத்த சீரையெல்லாம் குட்டி யானை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். தெருவே வாசலில் நின்று பார்த்தது. "இனிமே அத்தை நம்ம கூடத்தான் இருப்பா" என்று அம்மா சொன்னாள். மாமா எங்கே என்று கேட்டேன். ஊரில் வேலையாக இருக்கிறார் என்றார்கள். எனக்கு அதற்குமேல் தெரியவேண்டியிருக்கவில்லை. சைக்கிள் செயின் மாட்டத் தெரிந்த, மிக்ஸியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த அத்தை வீட்டோடு வந்துவிட்டாள் என்பதே பெரிய சந்தோஷம்.

எங்கள் வீடு மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சந்தில் இருந்தது. முன்னறை ஒரு காலத்தில் டெய்லர் கடை. அதனால் அதற்குக் கதவுக்குப் பதில் தெருவைப் பார்த்த அகலமான ஷட்டர். நாங்கள் பக்கவாட்டு நடையில்தான் போய் வருவோம். அத்தைக்கு அந்த முன்னறையைக் கொடுத்தார்கள். அவள் வந்ததிலிருந்து ஷட்டரை யாரும் ஏற்றவில்லை. காலையில் பாண்டி பஜார் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போவாள். சாயங்காலம் வந்தால் உள்ளே போய்விடுவாள்.

அதே சமயத்தில்தான் தெருப் பிள்ளைகள் என்னோடு விளையாட வருவதை நிறுத்தினார்கள். எதிர்வீட்டுப் பையன் மட்டும் நேராகவே சொன்னான், "உங்க ஊட்டாண்ட போவக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லிச்சு." அவன் அம்மா ஒரு ஆட்டோக்காரரின் மனைவி. அவள் வார்த்தைதான் சந்தில் கடைசி வார்த்தை. நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். எல்லார் வீட்டிலும் வீடியோ கேம் இருக்கிறது, எங்கள் வீட்டில் ஒன்றுமில்லை. ஆகவே அவர்களிடம் இல்லாத ஒன்றை நாங்கள் காட்டவேண்டும்.

அத்தையிடம் போய்ச் சொன்னேன். "சொன்னது சொல்லியாச்சு. போட்டுருவோம்ட்டி" என்றாள்.

சென்டரில் வெளிச்சம் மங்கிப்போய் ஓரங்கட்டிய புரொஜெக்டர் ஒன்றையும், பழைய டிவிடி பிளேயர், ஸ்பீக்கரையும் கேட்டு வாங்கி வந்தாள். புரொஜெக்டரைத் தெருவில் வைக்க முடியாது. வண்டி போகும், நாய் ஓடும், நடந்து போகிறவர் நிழலெல்லாம் படத்தில் விழும். எனவே மெஷின் உள்ளே, திரை ஷட்டர் வாசலில், பார்க்கிறவர்கள் தெருவில். பின்னாலிருந்து அடிக்கிற வெளிச்சம் திரையில் முன்பக்கம் தெரியவேண்டும்.

முதலில் அப்பாவின் வேட்டியைக் கட்டிப் பார்த்தோம். படம் தெரிந்தது, ஆனால் நடுவில் மெஷினின் கண் டார்ச் லைட் போலக் கூசியது. பட்டர் பேப்பரை ஒட்டிப் பார்த்தோம். ஒட்டிய இடமெல்லாம் கோடு. கடைசியில் அத்தை ரங்கநாதன் தெருவுக்குப் போய், சாப்பாட்டு மேஜை மேல் விரிக்கிற பிளாஸ்டிக்கில் நீர்மோர் நிறத்தில் ஒன்றைத் தேடிப் பிடித்து வந்தாள். அந்தப் பக்கம் கை வைத்தால் கை இருப்பது தெரியவேண்டும், விரலை எண்ண முடியக்கூடாது. கடைக்காரர் முன்னாலேயே அப்படிக் கை வைத்துச் சோதித்துத்தான் வாங்கினாளாம். பிளம்பர் பைப்பை வெட்டிச் சட்டம் செய்து, துணிக் கிளிப் போட்டுச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டினோம். மெஷினைத் தரையில் வைத்து அண்ணாந்து பார்க்க விட்டதும் கூச்சமும் போய்விட்டது.

சனிக்கிழமை ஷட்டரை மூடியபடியே ஒத்திகை பார்த்தோம். திரைக்கும் ஷட்டருக்கும் இடையில் நுழைந்து நின்று பார்த்த எனக்கு அழுகை வந்தது. எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி நின்றது. படமும் ஒரு தலையணை அளவுதான்.

"எழுத்த யாரு படிக்கப்போறா? விடு" என்றாள் அம்மா.

"இல்ல மதினி. செய்யறத ஒழுங்கா செய்யணும்லா."

அத்தை அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். சீர் பீரோவின் கதவில் ஆளுயரக் கண்ணாடி பதித்திருந்தது. மூன்று பேரும் சேர்ந்து பீரோவைத் திரைக்கு நேராகத் திருப்பினோம். மெஷின் கண்ணாடியைப் பார்த்தது, கண்ணாடி திரையைப் பார்த்தது. எழுத்து நேரானது. வெளிச்சம் போய்த் திரும்புகிற தூரத்தில் படமும் விரிந்து திரையை நிறைத்தது. எழுத்துக்கு மட்டும் லேசாக ஒரு இரட்டை நிழல். அதை அத்தை மன்னித்துவிட்டாள்.

ஞாயிறு பொழுது சாய்ந்ததும் அத்தையே ஷட்டரைத் தூக்கினாள். அந்தச் சத்தத்துக்குச் சந்தில் எல்லாத் தலையும் திரும்பியது. அவள் யாரையும் பார்க்காமல் திரைக்குப் பின்னால் போய்விட்டாள். நானும் அம்மாவும் தெருவில் பாய் விரித்து உட்கார்ந்தோம். துணிக்கடையில் வேலை பார்த்த அப்பாவுக்கு ஞாயிறுதான் மூச்சு விட முடியாத நாள், அவர் வரவில்லை. வேறு யாருமே வரவில்லை. அவரவர் வாசலில் நின்றபடி பார்த்தார்கள்.

படம் ஓடத் தொடங்கியது. பழைய நகைச்சுவைப் படம். முதல் சிரிப்புக் காட்சியில் எதிர்வீட்டுப் பையன் ஓடிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் அம்மா அவனை இழுத்துப் போக வந்தாள். கையைப் பிடித்தவள் திரையைப் பார்த்தபடி நின்றாள். நின்றவள் சிரித்தாள். அவ்வளவுதான், சந்து முழுக்க நாற்காலியும் முக்காலியுமாக வந்து சேர்ந்துவிட்டது.

பாதிப் படத்தில் சட்டென்று கதை நின்று திரை வெறும் வெள்ளையாகிவிட்டது. அந்த வெள்ளையில் அத்தை தெரிந்தாள். குனிந்து ஒயரைத் தேடுகிற அவளுடைய நிழல், இரண்டு ஆள் பருமனுக்கு. பேச்சு அடங்கிவிட்டது. எல்லாரும் அந்த நிழலையே பார்த்தார்கள். அவளுக்கும் அது புரிந்திருக்கவேண்டும். நிழல் அசையாமல் நின்றது. என் மானம் போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு நிழல் நிமிர்ந்தது. இரண்டு கையையும் உயர்த்திச் சேர்த்தது. திரையில் ஒரு நாய் வாயைத் திறந்து, "லொள்" என்றது, அத்தையின் குரலில். பிள்ளைகள் கூச்சல் போட்டுச் சிரித்தார்கள். நாய் காதை ஆட்டியது.

எதிர்வீட்டம்மா திரையின் அருகே போனாள். "இன்னாம்மா, மிஷினு நின்னுபோச்சா?"

நாய் கலைந்தது. "டிவிடி பிளேயர் சூடாயிட்டுதுக்கா. கொஞ்சம் ஆறணும்."

"நீ மெதுவா பாரு. நாங்க எங்க போவப்போறோம்? உள்ள வெந்துகினு கீறியே, வெளிய வந்து காத்தாட நில்லேன்."

அத்தை வெளியே வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி எதிர்வீட்டம்மாவோடு நின்றாள். இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். யாரோ டீ கொண்டுவந்தார்கள். பைப்பை எப்படி வெட்டினாய், திரையை எங்கே வாங்கினாய் என்று தொடங்கிய பேச்சு அப்புறம் தணிந்த குரலில் வேறெங்கோ போயிற்று. எதிர்வீட்டம்மா அத்தையின் தோளில் கை வைத்திருந்தாள்.

நான் உள்ளே போய் டிவிடி பிளேயரைத் தொட்டுப் பார்த்தேன். எப்போதோ ஆறிவிட்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. படத்துக்குத்தானே கூப்பிட்டோம், இவர்கள் நின்று கதை பேசுகிறார்களே. "அத்தை, மிஷினு ஆறிடுச்சு! படத்தைப் போடு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். படம் பாதியில் நின்றதற்கு இவளுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம் என்று அவள் கைக்குள்ளிருந்தபடி யோசித்துக்கொண்டிருந்தேன்.