இடுப்பில் செருகிய செல்போன்

போன வருஷம், தீபாவளி சீசன் ஆர்டர் குவிந்து கிடந்த நேரம். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

அதுவரை என் வீட்டுக்காரர் என்னை அந்த வேலைக்கு விட்டதே இல்லை. அவருடைய அம்மா பட்டாசு விபத்தில் இறந்தவர். "ஒன்னைய வெடிமருந்துப் பக்கம் அனுப்ப மாட்டேன்" என்று சொல்லித்தான் வளைகுடா நாட்டுக்கு லாரி ஓட்டப் போனார். அங்கே சண்டை மூண்டது. கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். சம்பளமும் இல்லை, திரும்பி வர விமானமும் இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு இந்தப் பக்கத்தில் வேறு என்ன வேலை கிடைக்கும்? அவரிடம் சொல்லாமலே ஆலை வேனில் ஏறிவிட்டேன்.

அன்றைக்குத்தான் என் மாமனார் அடுப்படிக்குள் வந்தார். அதுவரை தண்ணீர்கூடத் தானாக மோந்து குடிக்காதவர். என் மகளுக்கு அவர் போட்டுவிடும் ரெட்டைச் சடையில் ஒன்று காதுக்கு மேலே நிற்கும், ஒன்று தோளில் தொங்கும். "எல்லாரும் சிரிக்காக தாத்தா" என்பாள். "நீ தலைய ஆட்டாம இரு, நேரா வரும்" என்பார். என்னிடம் மட்டும் பேச மாட்டார். எனக்குச் சோறு கட்டிய தூக்குச்சட்டியை வாசலில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். மாமியாரையும் இப்படித்தானே வேனில் அனுப்பியிருப்பார்.

கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். வீட்டுக்காரர் போனில் பேசாத நாளில் எனக்குச் சோறு இறங்காது. சிக்னல் கிடைக்கும்போதுதான் கூப்பிடுவார், நேரம் காலம் கிடையாது. ஆலையிலோ, வாட்ச்மேனிடம் செல்போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நான்கு நாள் அவரிடமிருந்து பேச்சே இல்லை. ஐந்தாவது நாள் போனை இடுப்பில் செருகி, சேலையால் மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

எங்கள் ரூமில் நான்கு பெண்கள். மருந்து அடைத்த வெடிகளுக்குத் திரி செருகும் வேலை. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கேலி பேசிக்கொண்டிருந்தார். "ஒம் புருசன் அங்கன வெடிக்குப் பயந்து கெடக்காரு. நீ இங்கன வெடி செய்யுறே. நல்ல குடும்பம் தாயி." நானும் சிரித்தேன். அப்போதுதான் இடுப்பில் போன் அதிர்ந்தது.

அக்கா கத்தவில்லை. "கையில இருக்கத மெல்ல வச்சிட்டு எல்லாரும் வெளிய போங்க" என்றார். என்னிடம், "நீ அதத் தொடாத, நட" என்று தோளைப் பிடித்து வேலி வரை கூட்டிக்கொண்டு போய் விட்டார்.

போன் மறுபடி அடித்தது. எடுத்தேன். அவர்தான்.

"எங்கன இருக்க?"

"வீட்லதான். நீங்க நல்லாருக்கீகளா?"

"இங்கன ஒண்ணுமில்ல புள்ள, அமைதியாத்தான் இருக்கு."

சொல்லி முடிப்பதற்குள் அவர் பக்கம் எங்கோ தொம்மென்று ஒரு சத்தம். என்ன சத்தம் என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எங்கள் ஆலை மைதானத்தில் சாம்பிள் வெடி போட்டார்கள். அவரும் கேட்கவில்லை. லைன் போய்விட்டது.

அக்கா யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மறுநாள் காலையில் வேறு ரூமுக்குத் தன்னை மாற்றச் சொல்லிக் கேட்டுப் போனார். "என்னைய விட்டுட்டுப் போறீகளா அக்கா?" என்றேன்.

"ஒம் பயம் எனக்குப் புரியுது தாயி. எம் மகளுக்கும் நான் ஒருத்திதான் இருக்கேன். ஒங்கூட உக்காந்தா என் கை நடுங்குது."

இரண்டு மாதம் கழித்து என் வீட்டுக்காரர் கையும் காலும் நல்லபடியாக வந்து சேர்ந்தார். இங்கே அவருக்கு நிரந்தர வேலை இன்னும் அமையவில்லை. அதனால் நான் வேனில் போவது நிற்கவில்லை. இப்போது மகளுக்குச் சடை போடுவது அவர்தான். தூக்குச்சட்டியை வாசலில் வைத்துவிட்டு, அவருடைய அப்பாவைப் போலவே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அந்த அக்கா வழியில் பார்த்தால் சிரிப்பார், பக்கத்தில் வந்து உட்கார மாட்டார். தினமும் வாட்ச்மேன் கையில் போனைக் கொடுக்கும்போது, தூரத்தில் இருந்த ஒருவருக்காகப் பயந்து பக்கத்தில் இருந்த மூன்று பேரை மறந்துபோனேனே என்று இன்றைக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.