பெனடிக்ற் தண்ணீரில் விட்ட இடம்

பெனடிக்ற் முதலில் செய்த பிழை, அவர் நல்ல வேலைக்காரராக இருந்ததால் வந்த பிழை. 1997 நவம்பரில் ஒருநாள், இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசாப் பகுதியில் தான் வேலை பார்த்த வீட்டின் நிலவறையிலிருந்து ஒரு சாக்கை மேலே கொண்டுவந்தார். உள்ளே இருபத்தெட்டு வாத்துப் பொம்மைகள்; பெனடிக்றின் ஊர்ப் பேச்சில் தாராப் பொம்மைகள். மரத்திலும் தக்கையிலும் செய்து, நிறம் பூசியவை. வேட்டைக்காரர்கள் இவற்றைக் குளத்தில் மிதக்கவிடுவார்கள். மேலே பறக்கும் காட்டுத்தாராக்கள் தங்கள் இனம் என்று நம்பி இறங்கும். பெனடிக்ற் அவற்றைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். பிறகு அலுமாரிகளுக்குப் பூசும் மெழுகைப் பூசி, கண்ணாடி போல மினுக்கினார்.

சனிக்கிழமை விடியும்போது, பார்த்தினிக்கோ என்ற ஊருக்கு அப்பால் உள்ள ஒரு குளத்தில் அவற்றை வைத்தார். நான்கு வரிசை, வரிசைக்கு ஏழு. சாப்பாட்டு மேசையில் கரண்டி அடுக்கிய ஒழுங்கு. காட்டுத்தாராக்கள் வந்தன. வெயில் பட்டு மினுங்கிய அந்த அணிவகுப்பின் மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டன.

பெனடிக்ற் இலங்கையின் மன்னார்த் தீவில் உள்ள பேசாலையைச் சேர்ந்தவர். அப்போது வயது நாற்பத்தொன்று. பலெர்மோவுக்கு வந்து ஏழு வருடம். மனைவி அகஸ்ரீனா அதே நகரின் கால்சாப் பகுதியில் ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய அம்மையாரின், வீட்டில் தங்கி வேலை செய்தார். வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் இருவரும் சந்திக்கும் நேரம். பெனடிக்ற் பராமரித்தவர் தொன் கயெத்தானோ: எழுபத்தெட்டு வயது, மனைவியை இழந்தவர், ஓய்வுபெற்ற நில அளவையாளர். அந்தக் கோடையில் அவருக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை நடந்தது. மிலானோவில் இருந்த மகன் தகப்பனைத் தன்னோடு வந்துவிடச் சொன்னார். தகப்பன் மாட்டேன் என்றார். தொலைபேசியில் பல நாள் சத்தம் போட்டபின் இருவரும் ஒரு நிபந்தனைக்கு வந்தார்கள். வேட்டைக்காலம் ஜனவரி முப்பத்தோராம் திகதி முடியும். அதற்குள் தொன் கயெத்தானோ தன் கையால் ஒரு தாராவைச் சுட்டுவிட்டால், அவர் தன் வீட்டிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் வீடு பூட்டப்படும்.

வீடு பூட்டப்பட்டால் பெனடிக்றின் வேலை போகும். வேலை இல்லாமல், மார்ச்சில் முடியும் அவருடைய பெர்மெஸ்ஸோவை, இத்தாலியில் தங்குவதற்கான அந்தக் கடதாசியை, புதுப்பிக்க முடியாது.

தொன் கயெத்தானோவால் ஆடாமல் இருந்து சுட முடியும். பறக்கும் பறவையைத் தொடர்ந்து துவக்கைத் திருப்ப இடுப்பு விடாது. ஆகவே தாராக்கள் அவர் முன்னால், கிட்டத்தில் இறங்க வேண்டும். அதற்குப் பொம்மைகளை எப்படி வைப்பது என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை.

"நாற்பது வருடம் நீனோ வைத்தான், நான் சுட்டேன்," என்றார். நீனோ அவருடைய நண்பர். முந்திய வருடம் இறந்துபோனவர். "அவன் வைக்கும்போது நான் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கென்ன தெரியும், பெனேதெத்தோ?" பெனடிக்றை அவர் இத்தாலிய முறையில் அப்படித்தான் அழைப்பார்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து, தமிழர் கூடும் கத்தோலிக்கக் கோயிலின் முற்றத்தில் நின்றபோது பெனடிக்ற் நடந்ததைச் சொன்னார்.

"தாராவுக்கு மெழுகு பூசினனீங்களே?" என்றார் அகஸ்ரீனா.

"ஓம்."

"நல்ல காலம், குளத்துக்கு மொப் போடேல்லை."

"சிரியாதையப்பா. வேலை போனா பிறகு எங்கை போறது?"

"என்ர சிஞ்ஞோரா வீட்டுக் கட்டிலுக்குக் கீழை ஒளிச்சு வைக்கிறன். நாய் கொஞ்சம் தள்ளிப் படுக்கும்."

ஒரு மனிதரைக் கெட்டிக்காரர் என்று சொல்ல நான் அவசரப்படுவதில்லை. பிழை விட்டபின் பெரும்பாலானோர் அதற்கு ஒரு காரணம் தேடுவதில் நாளைக் கழிப்போம். பெனடிக்ற் அதற்கு மினக்கெடவில்லை. திங்கட்கிழமையே மண்ணும் சாம்பலும் போட்டுத் தேய்த்து மெழுகை எடுத்தார். அடுத்த சனிக்கிழமைகளில், வேட்டைக்காரர் ஒளிந்திருக்கும் மறைப்புக்குள் தொன் கயெத்தானோவின் பக்கத்தில் குந்தியிருந்து, உண்மைத் தாராக்களைப் பார்த்தார். அவை எப்போதும் காற்றுக்கு எதிராகவே இறங்கின. ஆகவே காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி மறைப்பை மாற்றினார். ஒருநாள் பருந்து ஒன்று மேலே போனது. பரவி நின்ற தாராக்கள் சட்டென்று நெருங்கின. நெருக்கம் பயத்தின் அடையாளம் என்று விளங்கியதும் பொம்மைகளை எட்ட எட்ட வைத்தார். கல் கட்டிய கயிறுகளை நீளமாக்கினார்; பொம்மைகள் அலைக்கு ஏற்ப அசைந்தன. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பிழை குறைந்தது.

ஒன்று மட்டும் தீரவில்லை. ஜனவரியில் தாராக்கள் நம்பி இறங்கின. ஆனால் பொம்மைகளுக்கு அப்பால், அறுபது அடிவைப்புத் தூரத்தில். தொன் கயெத்தானோ துவக்கைத் தூக்கி, திரும்ப மடியில் வைப்பார்.

"நல்லாய் நீந்துகின்றன," என்பார். "மிலானோவில் நீச்சல் தடாகம் இருக்கிறதாம். அங்கே போய் இதையே பார்க்கலாம்."

இருபத்தைந்தாம் திகதி ஞாயிறு, பெனடிக்ற் கோயில் படியில் நின்று முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசாலைச் சனம் மதிலோரம். யாழ்ப்பாணத்துத் தீவுகளிலிருந்து வந்த தீவார் படிக்கட்டுப் பக்கம். இரண்டுக்கும் நடுவே வெறும் நிலம். பூசைக்குப் பிந்தி வந்த அனிற்றா என்ற பெண் வாசலில் ஒரு கணம் நின்றாள். எந்தக் கூட்டத்துக்குள்ளும் இடித்து நுழையாமல் நேரே அந்த வெறும் நிலத்துக்கு வந்தாள். அங்கே நின்று, பிறகு யாரோடு கதைப்பது என்று சுற்றிப் பார்த்தாள். திருநாளன்று முற்றம் நிரம்பியிருந்தபோது பிந்தி வந்தவர்கள் மதிலுக்கு வெளியே நின்றது பெனடிக்றுக்கு நினைவு வந்தது.

"இஞ்சேருங்கோ, ஏன் அந்தப் பிள்ளையை அப்பிடிப் பாக்கிறியள்?" என்றார் அகஸ்ரீனா.

"அவளை இல்லை. அவள் நிக்கிற இடத்தை."

"கலியாணம் கட்டி பதினாறு வருசம். இப்பிடி ஒரு விளக்கம் இண்டைக்குத்தான் கேக்கிறன்."

ஜனவரி முப்பத்தொன்று சனிக்கிழமை, கடைசி நாள். பெனடிக்ற் பதினொரு பொம்மைகளை மட்டும் எடுத்தார். இடப்பக்கம் ஏழு, வலப்பக்கம் நான்கு. மறைப்புக்கு நேரே, பதினைந்து அடிவைப்பில், நடுவில் வெறும் தண்ணீர்.

"மற்றவை எங்கே?" என்றார் தொன் கயெத்தானோ.

"சாக்கில்."

"கடைசி நாளில் கடையைப் பூட்டிவிட்டாயா?"

"இடம் விட்டிருக்கிறேன்."

"யாருக்கு?"

"வருகிறவற்றுக்கு."

கிழவர் சிசிலிய மொழியில் ஏதோ முணுமுணுத்தார். பாராட்டாக இருந்திருக்காது.

எட்டு மணியளவில் ஐந்து சிறிய தாராக்கள் வந்தன. ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் தாழ்ந்தன. காற்றை எதிர்த்துச் சிறகை விறைத்து, காலை முன்னே நீட்டி, நேரே அந்த வெறும் தண்ணீருக்கு வந்தன. தொன் கயெத்தானோவின் முதல் வெடி தவறியது. இரண்டாவதில் ஒன்று விழுந்தது. பெனடிக்ற் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப்போய் அதை எடுத்துவந்தார். கிழவர் அதை வாங்கி, வீடு வரும்வரை மடியிலேயே வைத்திருந்தார்.

அடுத்த ஞாயிறு மகன் வந்தார். பெனடிக்ற் அந்தத் தாராவை ஒலிவக்காயும் வைனும் விட்டுச் சமைத்திருந்தார். மகன் சாப்பிடும்போது பல்லில் ஈயக்குண்டு ஒன்று தட்டியது. எடுத்துச் சாப்பாட்டுக் கோப்பையின் விளிம்பில் வைத்தார். பிறகு இன்னும் ஆறு. சின்ன வயதில் அவரும் வேட்டைக்குப் போனவர்.

"இத்தனை குண்டு பட்டிருக்கிறதென்றால் மிகக் கிட்டத்தில் வந்திருக்கிறது. பொம்மைகளை யார் வைத்தது?"

"நான் சொன்னேன், இவன் வைத்தான்," என்றார் தொன் கயெத்தானோ.

மகன் திரும்பிப் பெனடிக்றைப் பார்த்தார்.

"ஓம், அவர்தான் சொன்னவர்," என்று பெனடிக்ற் இத்தாலிய மொழியில் சொல்லி, பாண் தட்டை நகர்த்தி வைத்தார்.

மகன் ஏழு குண்டுகளையும் விரலால் ஒன்றாகச் சேர்த்தார். "சரி அப்பா. இங்கேயே இருங்கள்."

வியாழக்கிழமை இதைக் கேட்ட அகஸ்ரீனாவுக்குக் கோபம். "மூண்டு மாசம் குளிருக்குள்ளை நிண்டது நீங்கள். அந்த மனுசன் அங்கை என்ன சொன்னவர்?"

"கால் விறைக்குது எண்டு சொன்னவர்."

கோபத்தின் நடுவிலேயே அகஸ்ரீனா சிரித்துவிட்டார்.

மார்ச்சில் குவெஸ்தூராவில், பொலிஸ் தலைமையகத்தில், பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கப்பட்டது. வேலை கொடுப்பவரின் கடிதத்தில், நில அளவையாளரின் நிமிர்ந்த எழுத்தில், தொன் கயெத்தானோ கையெழுத்திட்டிருந்தார். நவம்பரில் பெனடிக்ற் மறுபடி நிலவறைக்குப் போய்ச் சாக்கை அவிழ்த்தார். இருபத்தெட்டுப் பொம்மைகளிலும் பத்து மாதத் தூசி. அவர் துணியைக்கூட எடுக்கவில்லை. பதினொன்றைத் தெரிவுசெய்து, அப்படியே காரில் ஏற்றினார்.