ஒரிஜினல் எங்கேங்க, சிஸ்டர்?

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்ததாம். அதன் முன்னால் வந்து நின்றவர்களிடம் எல்லாம் இருந்ததாம், கேட்ட காகிதம் மட்டும் இல்லையாம். அந்த ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருப்பவன் நான். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் ஒரு பல்கலைக்கழகம். அங்கே நர்சிங் படிப்பில் சேர வருகிறவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்ப்பது என் வேலை. "ஜெராக்ஸ் செல்லாதுங்க" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வெயிலில் பஸ் ஏறித் திரும்பியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்மவர்தான்.

எலிக்குப் பயந்து

ஓமலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் மகளை நான்கு வருட டிகிரியில் சேர்க்க வந்தார். அவளுடைய பிளஸ் டூ மார்க் ஷீட்டை லேமினேட் செய்து பளபளவென்று கொண்டுவந்திருந்தார். பின்பக்கம் சீல் வைக்க வேண்டும், பிளாஸ்டிக் மேல் மை நிற்காது என்றேன். உரித்தால் எழுத்தும் கூடவே வந்துவிடும். டூப்ளிகேட் வாங்கி வருவதற்குள் சேர்க்கை முடிந்துவிடும். மகள் அந்த அட்டையைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவர் கண்ணாடிக்குக் கிட்டே குனிந்தார்.

"மழைக்கும் எலிக்கும் பயந்துதானுங்க சாமி போட்டோம். சீலுக்குப் பயப்படோணும்னு யாரும் சொல்லலீங்களே."

ஆளுக்கு ஆள்

கோகிலா வெண்ணந்தூர்க்காரர். மூன்று வருட டிப்ளமோ முடித்து, ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு வருடமாக நர்ஸ். டிப்ளமோக்காரர்கள் இன்னும் இரண்டு வருடம் படித்தால் டிகிரி கிடைக்கும். டிகிரி இருந்தால்தான் நர்சிங் கல்லூரியில் பாடம் சொல்லித்தரப் போக முடியும். அதுதான் அவர் ஆசை. இங்கே இடமும் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் ஒரிஜினலைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

அவர் நீட்டியது ஜெராக்ஸ். ஒரிஜினல் எல்லாம் வேலைக்குச் சேர்ந்த அன்றே மருத்துவமனை பீரோவுக்குள் போய்விட்டதாம். நர்சுகள் பாதியில் விட்டுப் போகாமல் இருக்க அங்கே அப்படி ஒரு வழக்கம். இது செல்லாதே என்றேன், எனக்கே கேட்காத குரலில். அவர் மருத்துவமனையில் கெஞ்சிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். உன் இடத்துக்கு ஒரு நர்சைக் கூட்டி வா, அவள் ஒரிஜினலை வைத்துவிட்டு உன்னுடையதை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்களாம்.

"எந்தப் புள்ளையப் போயி நாங் கூப்பிடறதுங்க?"

வெள்ளிக்கிழமை மூன்றரை மணி

கோகிலா வந்தார். கூடவே அவர் தங்கை கயல்விழி; இந்த வருடம்தான் டிப்ளமோ முடித்தவள். கோகிலாவின் ஒரிஜினல்களை வரிசையாக எடுத்து வைத்தார்கள். ஒரு குறையும் இல்லை. எல்லாவற்றிலும் அந்துருண்டை வாசம் மட்டும் அடித்தது. எப்படிக் கிடைத்தது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கையெழுத்துப் போடும் இடத்தில் கோகிலாவின் பேனா நின்றுவிட்டது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பின்னால் வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். தங்கை அவர் முழங்கையை மெல்ல இடித்து, போடுக்கா, உன்ற கையெழுத்துக்கு ஊரே காத்துக்கிட்டு இருக்குது என்றாள். கோகிலா போட்டார். மை காய்வதற்குள் தங்கை கண்ணாடி ஓட்டையில் முகத்தை வைத்தாள்.

"கயல்விழின்னு இதே படிப்புக்கு என்ற அப்ளிகேசனும் உங்ககிட்ட இருக்குதுங்க. அதைக் கேன்சல் பண்ணிப்போடுங்க. என்ற ஒரிஜினல் இப்ப பீரோவுல இருக்குது."

டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று, அக்கா கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள். சேர வருகிறவர்களுக்கு எங்களிடம் மூன்று நிறத்தில் படிவம் இருக்கிறது. சேர்த்துவிட்டுப் போகிறவர்களுக்குத்தான் இன்னும் யாரும் அச்சடிக்கவில்லை.