போதும் என்றால் போதும்

வியாழக்கிழமை காலை, என் மகள் வடிவுக்குப் பல் விளக்கிவிட்டுக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. கோமதி டீச்சர் போய்விட்டார்களாம். நெஞ்சுவலியாம், சேரன்மகாதேவி வீட்டிலேயேதானாம். பிரஷ்ஷைப் போட்டுவிட்டு வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்ல? அழைத்துப் போகலாமா, வேண்டாமா? குக்கர் விசிலுக்கே கட்டிலடியில் ஒளிகிறவள். துக்க வீட்டில் கொட்டு இருக்குமே.

டீச்சரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சத்தமும் வெளிச்சமும் தொடுகையும் அளவுக்கு மீறி உறைக்கிற பிள்ளைகளைத் தன் வீட்டு முன்னறையில் வைத்துப் பழக்கியவர்கள் அவர்கள். மூன்று வருடம் முன்பு முதல்முறை போனபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை. வடிவாவது இரண்டு நிமிடம் உட்கார்ந்தாள், டீச்சர் உட்காரவே இல்லை, அறைக்குள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். நான் பார்ப்பதைக் கவனித்துச் சிரித்தார்கள்.

"நானும் இப்படிப் பிள்ளைதான் அண்ணாச்சி. அப்போ அடிதான் வைத்தியம்."

வடிவைச் சுவரைத் தள்ளச் சொன்னார்கள். சின்னக் குடத்தில் தண்ணீர் சுமந்து செடிக்கு ஊற்ற வைத்தார்கள். பிறகு கனத்த ஜமுக்காளத்தில் கழுத்துக்குக் கீழே சுருட்டி, தோளைப் பைய அமுக்கினார்கள். ஒவ்வொரு அமுக்கலுக்கும் "இன்னும் வேணுமா, போதுமா?" என்று கேட்பார்கள். அதிகம் பேசாத என் மகள் 'போதும்' என்று சொல்லப் பழகியது அங்கேதான். சொன்ன நொடியில் டீச்சர் கையை எடுத்துவிடுவார்கள்.

அதை நான் கெடுத்தேன். என் மேலதிகாரி எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அவள் ஒரே ஓட்டம். உள்ளறையில் ஜமுக்காளத்தில் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். "போதும்" என்றாள். மறுபடியும் சொன்னாள். அவர் போகும்வரை நான் விடவில்லை. அதன்பின் ஜமுக்காளத்தைக் கண்டாலே அலறினாள். வேறு வழியில்லாமல் டீச்சரிடம் ஒப்புக்கொண்டேன். அன்றுதான் அவர்கள் அசையாமல் நின்று பார்த்தேன்.

"பிள்ளை போதும்னு சொல்லுதா, உமக்குக் கேக்கலையா? அப்படின்னா நீர் செஞ்சது கட்டிப்போடுதது, அண்ணாச்சி. இனி அவ போதும்னா ஊரே நிக்கணும்."

அவள் மறுபடி அந்த ஜமுக்காளத்தில் படுக்க நான்கு மாதம் ஆயிற்று. எனக்கு இன்னும் வெட்கம் தீரவில்லை.

கடைசியில் அழைத்துத்தான் போனேன். டீச்சரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வாசலில் கொட்டு முழங்கியது. வடிவு காதைப் பொத்திக்கொண்டு "போதும்" என்றாள். யார் காதிலும் விழவில்லை. தூக்கிக்கொண்டு ஓடிவிடத்தான் எனக்குக் கால் பரபரத்தது. இரண்டாவது முறை சொன்னாள். நேரே டீச்சரின் கணவரிடம் போய்ச் சொன்னேன். உறவுக்காரர் ஒருவர் முறைத்தார். கணவர் எழுந்து வாசலுக்கு வந்து கையைக் காட்டினார்.

"பிள்ளை சொல்லிட்டால்லா. நிறுத்துங்க."

கொட்டு நின்றது. வடிவு காதிலிருந்து கையை எடுத்தாள். டீச்சர் அருகே போய் மண்டியிட்டு, இரண்டு தோளையும் பைய அமுக்கினாள்.

"இன்னும் வேணுமா, போதுமா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். பதில் வராமல் கையை எடுக்கக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, எடுக்கவே இல்லை. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து டீச்சருக்காகப் பதில் சொன்னேன்.

போதும், டீச்சர். ஓடியது போதும். இனி உட்காருங்கள்.