நிலைக்கு மேலே இருந்த பெயர்

சரிபுதீன் நானாவைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் என்னைப் பற்றி எழுதவேண்டியிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு காலமும் எழுதாமல் சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருடைய முகத்தை ஒருதரம்கூடப் பார்க்காமல் அவரைக் கொலைகாரன் ஆக்கியவள் நான்.

அது இரண்டாயிரத்துப் பதின்மூன்றாம் ஆண்டு. மன்னார் ரவுணில் உயர்தர வகுப்பில் ஊடகக் கற்கை படித்துக்கொண்டிருந்தேன். சோபனா ரீச்சர் எங்களுக்குத் தந்த செயற்றிட்டம் பத்து நிமிட மர்மக் குறும்படம். நானும் றெக்சனும் ஒரு குழு. கதை என்னுடையது. றெக்சனின் மாமா கலியாண வீடியோ எடுப்பவர் என்பதால் கமரா அவனுடையது. வகுப்பில் எங்களைப் போலத் தலைக்கனம் பிடித்த குழு வேறு இருக்கவில்லை.

மர்மப் படத்துக்கு ஒரு பாழடைந்த வீடு வேண்டும். எங்கள் தீவில் அதற்கா பஞ்சம்? தாராபுரம் பக்கம் உடைமரம் மண்டிய ஒரு வளவில் கூரையில்லாத கல்வீடு ஒன்று நின்றது. குசினிக்குள் வேம்பு வளர்ந்திருந்தது. பின்னால் கட்டு இடிந்த கிணறு. வாசல் நிலைக்கு மேலே சீமெந்தில் புடைத்த எழுத்தில் 'சரிபுதீன் 1987' என்று இருந்தது. அதைக் கண்டதும் எனக்குப் புல்லரித்தது. கதையிலே பெண்சாதியைக் கொன்று கிணற்றில் போட்டவனுக்கு நான் அதுவரை பெயர் வைக்கவில்லை.

"இதையே வைப்பம். உண்மை மாதிரி இருக்கும்," என்றேன்.

"ஆற்றையும் பேரோ தெரியாது," என்று றெக்சன் இழுத்தான்.

"ஆர் வந்து கேக்கப்போகினம்?" என்று அவன் வாயை அடைத்தேன்.

இப்படிச் சொன்னவள் எங்கிருந்து வந்தவள் தெரியுமா? தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் பிறந்து, மூன்று வருடத்துக்கு முன்புதான் ஊர் திரும்பியவள். எங்கள் வீட்டுக் கதவையும் யன்னலையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அந்தக் கைகள் அழுகிப்போக வேண்டுமென்று அம்மா இன்றைக்கும் திட்டுகிறா. ஊர் விட்டுப் போனவனின் வீடு என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது என்று சொல்ல என்னிடம் ஒரு சாட்டும் இல்லை.

பகல் மூன்று மணி வெயிலில் எடுத்துக் கணினியில் இருட்டாக்கினோம். சுவரில் கரியால் 'நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன்' என்று எழுதினோம். மாவில் சிவப்புச் சாயம் கரைத்து வாசற்படியில் ஊற்றினோம். கமரா மெதுவாக உயர்ந்து அந்தப் பெயரில் போய் நிற்கும். பின்னால் ஒரு பெண்ணின் அலறல். வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். சுவரைக் கழுவ வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

படம் பள்ளிக்கூடத்தில் காட்டப்படுவதற்கு முன்பே புளூரூத்தில் ஊரெல்லாம் போய்விட்டது. பஸ்ஸில் பார்த்தார்கள், மீன் வாடியில் பார்த்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா? ஒரு கிழமைக்குள் அது 'சரிபுதீன் பேய் வீடு' ஆகிவிட்டது. எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

சுயமதிப்பீட்டு நாள் வந்தது. ஒவ்வொரு குழுவும் தன் படத்துக்குத் தானே புள்ளி போட்டு, ஏன் அந்தப் புள்ளி என்று எழுந்து நின்று விளக்க வேண்டும். ஐந்து தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் இருபது. கதைக்கும் நடிப்புக்கும் பதினெட்டு, இடத்தேர்வுக்குப் பத்தொன்பது, பார்வையாளரிடம் ஏற்பட்ட தாக்கத்துக்கு முழுசாக இருபது. ஒலிக்கு மட்டும் பன்னிரண்டு போட்டோம். அடக்கமான பிள்ளைகள் என்று காட்டவேண்டாமா?

பெற்றோரும் வரலாம் என்று ரீச்சர் சொல்லியிருந்தா. பின்வரிசையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். வெள்ளைத் தொப்பியும் சீமெந்துக் கறை படிந்த சேட்டுமாக ஒருவர் பிந்தி வந்து கதவடியில் நின்றார். "வாங்கோ, இருங்கோ," என்று ரீச்சர் கதிரையைக் காட்டினா. அவர் அதன் நுனியில் இருந்தார்.

நான் எழுந்து விளாசினேன். "எங்கட படத்தைப் பாத்த ஆக்கள் இப்ப அந்த ரோட்டாலை போகவே பயப்பிடினம். அந்த வீட்டை ஆரும் இனிச் சும்மா வீடாப் பாக்க மாட்டினம். அதுதான் எங்கட வெற்றி. அதாலை இருபது." வகுப்பு கைதட்டியது. நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"ஆருக்கும் கேள்வி இருக்கோ?" என்று ரீச்சர் கேட்டா. தொப்பிக்காரர் பள்ளிப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தினார்.

"கேளுங்கோ. நீங்கள் எந்தப் பிள்ளையின்ர அப்பா?"

"இஞ்சை ஒரு பிள்ளைக்கும் நான் வாப்பா இல்லை, ரீச்சர். நான் அந்த வீட்டுக்காரன். சரிபுதீன்."

என்னுடைய காது இரண்டும் கொதித்தன. பேயைக் கண்டால்கூட அப்படிப் பயந்திருக்க மாட்டேன்.

அவர் ஏசவில்லை. கடையில் சாமான் கேட்பவர் மாதிரிக் கேட்டார். "எனக்கு ஒரு கடிதம் வேணும், பிள்ளை. நான் பெண்சாதியைக் கொல்லேல்லை எண்டு எழுதி, பள்ளிக்கூட சீல் அடிச்சுத் தரவேணும். மகளுக்குக் கலியாணம் பேசியிருக்கு. மாப்பிள்ளை வீட்டார் புத்தளத்திலை அந்தப் படத்தைப் பாத்திட்டினம்."

அதிபரின் அறையில் அவருக்கு முன்னால் இருந்து அந்தக் கடிதத்தை எழுதினேன். அப்போதுதான் அவருடைய கதை தெரிந்தது. அவர் மேசன். பகலில் ஊராருக்கு வீடு கட்டி, வெள்ளிக்கிழமைகளில் தன் வீட்டைக் கட்டினார். மூன்று வருடம் எடுத்தது. முடித்த அன்று ஈரச் சீமெந்தில் பெயரைப் புடைத்து வைத்தார். தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம் சனத்தையெல்லாம் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது ஹமீதாவோடு வள்ளமேறிக் கற்பிட்டியில் இறங்கினார். புத்தளத்தில் இருபது வருடத்துக்கு மேல் கிடுகுக் கொட்டிலில் இருந்துகொண்டு மற்றவர்களுக்குக் கல்வீடு கட்டினார். மகள் றிஸ்மினா அந்தக் கொட்டிலில்தான் பிறந்தாள். ஹமீதா சிறுநீரக வருத்தத்தில் அங்கேயே மௌத்தானா. இப்போது சமாதானமாகிவிட்டதென்று, நாங்கள் படமெடுத்துப் போன பிறகு வந்து, வீட்டுக்குக் கூரை போடத் தொடங்கியிருந்தார். அவர்கள் வழக்கப்படி வீடு மகளுக்குத்தான் போகும். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருக்கவேண்டும். பெண்சாதியைக் கொன்ற வீடென்று பேரெடுத்த இடத்துக்கு எந்த மாப்பிள்ளை வருவான்?

அவர் மடியிலிருந்த பொலித்தீன் பையில் கடிதங்கள் கட்டாக இருந்தன. இடம்பெயர்ந்தது உண்மை என்று ஒன்று, திரும்பியது உண்மை என்று ஒன்று, காணி அவருடையதுதான் என்று ஒன்று. "எல்லாத்துக்கும் கடிதம் வைச்சிருக்கிறன். இது ஒண்டுதான் இல்லாமல் இருந்தது," என்றார். பகிடியாகத்தான் சொன்னார். எனக்குப் பேனை ஓடவில்லை.

"அவ எப்பிடி மௌத்தானவ எண்டும் எழுதவோ, நானா?" என்று முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடும் சொல்லால் கேட்டேன்.

"எழுதுங்கோ மகள். அவவுக்கு வேற ஒருத்தரும் எழுதேல்லை."

கடிதம் புத்தளம் போனது. மாப்பிள்ளையின் தாய் சபூரா அதை வாங்கி வைத்துக்கொண்டு, எழுதிய பிள்ளைகளை நேரில் காட்டினால்தான் பேச்சு என்று சொல்லியனுப்பினா. அடுத்த ஞாயிறு வீடு பார்க்க வருவதாகவும் சொன்னா. அதற்கு முதல்நாள் நானும் றெக்சனும் போய்க் கரியெழுத்தைச் சுரண்டினோம். சாயம் படியில் ஊறிப் போயிருந்தது. நானா சுண்ணாம்பு கரைத்துத் தந்தார். நாங்கள் பூசிய இடங்களில் அவர் சொல்லாமல் கொள்ளாமல் இன்னொரு தரம் பூசினார். றிஸ்மினா உள்ளேயிருந்து எங்களை ஒருதரம் எட்டிப் பார்த்தாள். எங்களைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் திராணியில்லை.

ஞாயிறு பின்னேரம் சபூரா வந்தா. அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள்ளேயும் எட்டிப் பார்த்தா. பிறகு புதுக் கூரைக்குக் கீழே போட்டிருந்த கதிரையில் இருந்து என்னைக் கூப்பிட்டா.

"நீங்கள்தானே கதை எழுதின பிள்ளை? இவரை முந்தித் தெரியுமோ?"

"தெரியாது."

"ஆரும் ஏதும் சொன்னதோ இவரைப் பத்தி?"

"இல்லை. நிலையிலை இருந்த பேரைப் பாத்து எடுத்தனான்."

"பேர் இருந்தா அதுக்கு ஒரு ஆளும் இருப்பாரெல்லோ?"

றெக்சன் என் முகத்தைப் பார்த்தான். கற்பனை, கலை என்று வகுப்பில் அளந்த சொல்லெல்லாம் எங்கே போயினவோ தெரியாது. நானா அருகிலே சுவரோடு நின்றார். அவருக்கு முன்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"அவையள் திரும்பி வருவினம் எண்டு நான் நினைக்கேல்லை," என்றேன். "செத்த ஆக்கள் மாதிரித்தான் நினைச்சனான்."

சொன்னதும் அழுகை வந்தது. சபூரா பெருமூச்சு விட்டா.

"தொண்ணூறிலை விட்டிட்டு வந்த எங்கட மறிச்சுக்கட்டி வளவும் காடாத்தான் கிடந்தது. பாத்தவனும் இப்பிடித்தான் நினைச்சிருப்பான்," என்றா. நானாவின் பக்கம் திரும்பினா. "இது சும்மா பிள்ளையளின்ர விசர் வேலை. இதிலை ஒரு பேயும் இல்லை, நானா. கலியாண நாளைக் குறிப்பம்."

உள்ளே றிஸ்மினா எதையோ கீழே போட்ட சத்தம் கேட்டது. றெக்சன் மூச்சை விட்டான். நான் நானாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் சந்தோசம் வரும் என்று நினைத்தேன். வந்ததுதான், ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்து போனது. அந்த ஊரில் தன்னை உயிரோடு எதிர்பார்த்தவர் யாருமில்லை என்பதை அவர் அன்றைக்குத்தான் ஒரு வாயால் கேட்டார். அந்த வாய் என்னுடையது.

"அழாதீங்கோ மகள்," என்றார். "சில நாளிலை நானும் அப்பிடித்தான் நினைச்சனான்." தேத்தண்ணி வந்ததும் முதல் கோப்பையை எனக்குத்தான் நீட்டினார். அவர் ஏசியிருந்தால், கை நீட்டி ஒன்று தந்திருந்தால்கூட, ஓரளவு ஆறியிருக்கும்.

வகுப்பில் மதிப்பீட்டுத் தாளைத் திருப்பி வாங்கி இடத்தேர்வுக்கும் தாக்கத்துக்கும் பூச்சியம் போட்டேன். ரீச்சர் கையெழுத்து வைத்தா. பூச்சியம் போடுவது சுலபமாகத்தான் இருந்தது.

கலியாணத்துக்கு நானா எங்கள் வீடு தேடி வந்து சொன்னார். நான் போகவில்லை. என்ன முகத்தோடு அந்தச் சாப்பாட்டில் கை வைப்பது? காய்ச்சல் என்று றெக்சனிடம் சொல்லியனுப்பிவிட்டு அன்றைக்கு முழுக்க வீட்டுக்குள் கிடந்தேன்.

மூன்றாம் நாள் சைக்கிள் மணி கேட்டது. வாசலில் சரிபுதீன் நானா, ஒரு பையில் தோடம்பழத்தோடு நின்றார்.

"காய்ச்சல் விட்டிட்டுதோ மகள்?" என்று கேட்டார்.

"விட்டிட்டுது நானா," என்றேன்.